தொண்ணூற்றொரு புள்ளி வாங்கிய தராசு

என் வாழ்க்கையில் நான் தொண்ணூற்றொரு புள்ளி கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் மாணவிக்கு அல்ல, ஒரு கம்பெனிக்கு.

கொட்டகலையில் ஒரு பாடசாலையில் வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இதை வாசித்தால் கொதித்துப்போவார்கள். எழுபத்தைந்துக்கு மேல் போட எனக்குக் கை வராது என்பது அவர்களுக்குத் தெரியும். (நிறையப் போட்டால் அடுத்த தவணை படிக்கமாட்டார்கள் என்பது என் கொள்கை. கஞ்சத்தனம் என்பது அவர்கள் கொள்கை.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வேலை கிடைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பங்கு என்றால் என்ன, பங்குதாரர் யார், கம்பெனியின் உரிமையாளர் யார் என்றெல்லாம் மூன்று வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு பங்கைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நீச்சல் தெரியாமல் நீச்சல் வகுப்பு எடுப்பதுபோல.

அந்த நேரத்தில்தான் போனில் ஓர் இணைய வகுப்பு அகப்பட்டது. 'நாளைய சந்தைத் தலைவர்களை இன்றே கண்டுபிடியுங்கள்.' கோட்டு போட்ட ஒருவர், பின்னால் புத்தக அலுமாரியுடன், ஒன்பது பாடங்கள் எடுத்தார். ஒரு புதிய தொழில்நுட்பம் வரும்போது பத்துக் கம்பெனிகள் ஓடிவரும், கடைசியில் ஒன்றோ இரண்டோதான் சந்தை முழுவதையும் பிடிக்கும், அந்த ஒன்றை அது சின்னதாக இருக்கும்போதே அடையாளம் காண்பவர்தான் புத்திசாலி என்றார். அந்தப் புத்திசாலி நான்தான் என்று முதல் பாடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து கேள்விகள் கொடுத்தார். இந்தத் துறை வளருமா? மற்றவர்களைவிட இந்தக் கம்பெனி ஓரடி முன்னால் நிற்கிறதா? விற்பனை வருடா வருடம் கூடுகிறதா? நடத்துகிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டிருக்கிறார்களா? ஒருமுறை வாங்கிய வாடிக்கையாளர் விட்டுவிட்டுப் போக முடியாதபடி பிடி இருக்கிறதா?

கேள்விக்கு இருபது புள்ளி என்று நான் பிரித்துக்கொண்டேன். சிவப்புப் பேனையை எடுத்தேன்.

புதிய தொழில்நுட்பத்தில் இறங்கியிருந்த மூன்று சின்னக் கம்பெனிகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் ஆண்டறிக்கைகளை விடைத்தாள் திருத்துவதுபோலத் திருத்தினேன். முதலாவது, மரக்கறி லொறிகளுக்கு வெப்பநிலையைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் குளிர்ப்பெட்டி செய்வது. கரட்டிலும் லீக்ஸிலும் என்ன தொழில்நுட்பம் வேண்டிக்கிடக்கிறது என்று முப்பத்தெட்டுப் புள்ளி போட்டுச் சித்தியடையாமல் செய்தேன். இரண்டாவது, இணையத்தில் பாடம் நடத்துவது. நல்ல கம்பெனிதான். ஆனால் என் வேலையைப் பறிக்கப்போகும் கம்பெனிக்கு நானே காசு போடுவதா? ஐம்பத்து நான்கு.

மூன்றாவதுதான் தொண்ணூற்றொன்று. (பெயரைச் சொல்ல விரும்பவில்லை. சொன்னால் அம்மா இன்னொரு தடவை ஆரம்பிப்பார்.) அவர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு மின்னணுத் தராசு செய்தார்கள். கொழுந்துச் சாக்கை மேலே வைத்தால் எடை நேராக, நிறுவையைப் பதியும் கணக்கப்பிள்ளையின் கையில் இருக்கும் கருவிக்குப் போகும், அங்கிருந்து ஆபீஸ் கணினிக்குப் போகும். மலைநாடு முழுக்கத் தோட்டங்கள், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. துறை வளருமா? இருபது. ஒரு தோட்டம் இதை வாங்கிக் கணக்கையெல்லாம் இதில் ஏற்றிவிட்டால் விட்டுவிட்டுப் போக முடியுமா? முடியவே முடியாது. இருபது. ஆண்டறிக்கையில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தபடியால் ஒன்பது புள்ளியைக் குறைத்தேன்.

நான் இப்படிப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த அதே மேசையின் மறுபக்கத்தில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வட்டகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அம்மா அப்போதே இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து எடுப்பவர். கொழுந்துத் தராசைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐந்து கேள்விகளில் அது இல்லை.

ஸ்கூட்டி வாங்கச் சேர்த்துவைத்திருந்த பணம் முழுவதையும் போட்டு அந்தக் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன்.

இதோடு வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாலு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் தராசு எங்கள் தோட்டத்துக்கே வந்து இறங்கியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா, அது நம்ம கம்பெனிம்மா! நான் அதுல பங்கு வாங்கியிருக்கேன்" என்றேன்.

"பங்குன்னா?"

பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஒப்பித்தேன். "பங்குதாரர்னா கம்பெனிக்குச் சொந்தக்காரர்."

மறுநாள் காலை அம்மா பெரட்டுக்களத்தில், வேலை பிரித்துக்கொடுக்கும் நேரத்தில், "அந்தப் புது மெசினு எங்க மஞ்சு கம்பெனிதான்" என்று அறிவித்துவிட்டார். ஒரு வாரத்துக்கு நான் நடந்துபோனால் மரியாதை பலமாக இருந்தது. 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டவர்கள் 'முதலாளியம்மா' என்றார்கள். நான் மறுக்கவில்லை. (சட்டப்படி அது சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

இரண்டாவது வாரம் மரியாதை குறைந்தது. மூன்றாவது வாரம் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னா ஆச்சு அவங்களுக்கு?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஒங் கம்பெனி மெசினு கொழுந்த முழுங்குதாம். எல்லாருக்கும் கிலோ கொறையுது. என்னையத்தான் திட்டுறாளுக."

எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். செல்லம்மா அக்காவுக்கு அந்த மாதம் ஐந்து அரைப்பேர் விழுந்திருந்தது. அம்மாவுக்கு மூன்று. இருபத்தெட்டு வருடத்தில் அம்மா அரைப்பேர் வாங்கிய நாட்கள் காய்ச்சல் நாட்கள் மட்டும்தான்.

நான் என்ன சொன்னேன் என்பதை இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது. "மெசின் பொய் சொல்லாதும்மா. பழைய தராசுலதான் பிழை இருந்திருக்கும். ஒங்களுக்கு வயசாகுது, கை வேகம் கொறைஞ்சிருக்கும்" என்றேன்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்று இரவு எனக்குக் குழம்பில் உப்பு இல்லை.

இந்த நிலைமையில்தான் கம்பெனியின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. இணையத்தில் கூட்டம். கேள்வி கேட்க விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே பெயர் பதியலாம் என்று போட்டிருந்தது. பதிந்தேன். அம்மாவின் கிலோவைப் பற்றிக் கேட்கத்தான் என்று நீங்கள் நினைத்தால் என்னைப் பற்றி உயர்வாக நினைக்கிறீர்கள். நான் எழுதி மனப்பாடம் செய்த கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது. அதன் சாரம் இதுதான்: 'இத்துறையில் நாம் எந்த வருடத்தில் சந்தைத் தலைவராவோம் என்று இயக்குநர் சபை எதிர்பார்க்கிறது?' அந்த 'நாம்' என்ற சொல்லைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாலு நாள் பழகினேன்.

நாங்கள் இருக்கும் லயம், தோட்டத்து வரிசை வீடு, பள்ளத்தில் இருக்கிறது. படத்தோடு பேசுமளவுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் இருக்கும் கொழுந்து மடுவம் ஒன்றுதான் வழி. கொழுந்து நிறுக்கும் அந்தத் தகரக் கொட்டகையில்தான், அதே சிக்னலுக்காக, கம்பெனிக்காரர்களும் தராசை வைத்திருந்தார்கள். தவணை விடுமுறை. கூட்டம் பதினொரு மணிக்கு. பகல் நிறுவை பன்னிரண்டுக்கு. பதினொன்றே முக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிடும், ஒருவர் கண்ணிலும் படாமல் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நல்ல பட்டுச் சேலை கட்டினேன். அட்டைக்கடிக்காகக் காலில் ரப்பர் பூட்ஸ். (படத்தில் இடுப்புக்கு மேல்தானே தெரியும்?) பின்னால் துருப்பிடித்த தகரம் தெரியாமலிருக்க அம்மாவின் பச்சைச் சேலையை எடுத்துவந்து திரையாகக் கட்டினேன். போனைத் தராசின் கம்பத்தில் சாய்த்துவைத்து, ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தேன். வெளியே மூடுபனியும் தூறலும்.

திரையில் நாற்பது ஐம்பது முகங்கள். தலைவர் வெள்ளைத் தலைமுடியோடு நடுவில் இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கட்டத்தில் கம்பெனிச் செயலாளர், கண்ணாடி போட்ட ஒரு தமிழ் அம்மா. நிதி அறிக்கையை ஒருவர் வாசிக்கத் தொடங்கினார். வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது நேரம் பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம்.

ஒலிவாங்கியைத் திறந்தேன். கேள்வியைக் கேட்டேன். 'நாம்' அழகாக வந்தது. தலைவர் முகம் மலர்ந்து, இளம் பங்குதாரர்களிடமிருந்து இப்படிக் கேள்வி வருவது மகிழ்ச்சி என்றார். எங்கள் தராசின் பலமே அதன் துல்லியம்தான், ஒரு கிராம்கூடத் தவறாது என்று விளக்க ஆரம்பித்தார்.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"ஏன்டி, என் சேலைய எதுக்கு இங்க கட்டி வச்சிருக்க?"

தலைவர் பேச்சை நிறுத்தினார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா. அம்மாவுக்குப் பின்னால் செல்லம்மா அக்கா. அவருக்குப் பின்னால் அந்த மலையில் கொழுந்து எடுத்த எல்லோரும். செல்லம்மா அக்காவின் தலையில் ஓர் அரிசி மூட்டை. அதற்கு முந்திய நாள் நான் தலவாக்கலையில் வாங்கிவந்த பத்துக் கிலோ, இன்னும் பிரிக்காத மூட்டை. கணக்கப்பிள்ளை வருவதற்கு முன்னால் தராசைச் சோதித்துப் பார்க்க அவர்கள் திட்டம் போட்டுவந்திருந்தார்கள்.

ஒலிவாங்கியை மூடப்போனேன். விரலெல்லாம் பனியில் நனைந்திருந்தது. ஈர விரலுக்குப் போன் அசையவில்லை. பட்டுச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். (பட்டுச் சேலை துவாய்க்கு ஈடாகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) என் படம் மட்டும் பெரிதானது.

"அம்மா, சும்மா இருங்க. மீட்டிங் நடக்குது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"என்னா மீட்டிங்கு?"

"கம்பெனி மீட்டிங்கு. தலைவர் பேசிக்கிட்டு இருக்காரு."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இந்த மெசினு கம்பெனித் தலைவரா? நல்லதாப் போச்சு. செல்லம்மா, மூட்டைய வையி."

செல்லம்மா அக்கா மூட்டையைத் தராசில் போட்டார். போட்ட வேகத்தில் கம்பம் ஆடி, போன் சரிந்து மூட்டையின் மேலேயே மல்லாந்து விழுந்தது. ஐம்பது பங்குதாரர்களும் கொஞ்ச நேரம் எங்கள் மடுவத்தின் கூரையைப் பார்த்தார்கள். பிறகு அம்மா போனை எடுத்தார். எடுத்து, முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, வணக்கங்க. நான் மஞ்சுவோட அம்மா பாக்கியம். இது பத்துக் கிலோ அரிசி மூட்டைங்க. மேல அச்சடிச்சிருக்கு பாருங்க." போனைத் திருப்பி மூட்டையைக் காட்டினார். "ஒங்க மெசினு என்னா சொல்லுதுன்னு பாருங்க." தராசின் முகப்பைக் காட்டினார்.

எட்டு என்று பச்சை எழுத்தில் ஒளிர்ந்தது.

"ரெண்டு கிலோ எங்கங்க போச்சு? கடைக்காரன் ஏமாத்துனான்னு சொல்லுவீங்களா? சரி, கொழுந்து எடுக்கத்தான் எனக்கு வயசாயிருச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. அரிசிக்குமா வயசாயிருச்சு?"

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 'வீட்டுல' என்றால் யார் என்று ஐம்பது பேருக்கும் தெரிந்துவிட்டது போல இருந்தது.

தலைவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கண்ணாடிச் செயலாளர் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அதற்குள் செல்லம்மா அக்கா போனுக்குள் எட்டிப் பார்த்து, "இந்தப் பாவி மெசினால எனக்கு அஞ்சு நாளு அரைப்பேருங்க!" என்று கத்தினார். செயலாளர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, எடை அளவீடு தொடர்பாகச் சில பயனாளர்களுக்கு ஐயம் இருக்கிறது என்று தலைவருக்குச் சொன்னார். அவ்வளவு நாகரிகமான மொழிபெயர்ப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

இந்த நேரத்தில் கணக்கப்பிள்ளை வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்துப் பயந்துபோய், "என்னாங்க, ஸ்ட்ரைக்கா?" என்றார்.

"இதுல எட்டுன்னு காட்டுது. நீங்க எத்தன எழுதுவீங்க, ஐயா?" என்று அம்மா கேட்டார். போன் அவர் பக்கமாகத் திரும்பியது.

"ஆறு" என்றார் அவர் வெள்ளந்தியாக. "சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிக்கணுங்களே. எப்பவும் கழிக்கிறதுதான்."

திரையின் ஒரு மூலையிலிருந்து ஓர் இளைஞர், கம்பெனியின் தொழில்நுட்பப் பொறுப்பாளராம், மெல்லிய குரலில் செயலாளரிடம் ஏதோ சொன்னார். செயலாளர் தமிழில் கேட்டார்: "அம்மா, தராசே சாக்குக்கும் ஈரத்துக்கும் ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான் காட்டுது. அது ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கே தெரியாதுங்களே" என்றார் கணக்கப்பிள்ளை.

விஷயம் அவ்வளவுதான். கருவி ஒரு தடவை கழித்தது. பழக்கத்தில் அவர் இன்னொரு தடவை கழித்தார். ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ, ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. தராசைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் ஆபீசில் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அது உறை பிரிக்காமல் அலுமாரியில் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதைக் கவனிப்பதாகச் சொன்னார். ஒரு வயதான பங்குதாரர் எங்கிருந்தோ கைதட்டினார். அம்மா, "ரொம்ப நன்றிங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வருமுன் சிக்னல் போனது.

நான் பெட்டியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். பட்டுச் சேலை, ரப்பர் பூட்ஸ். அம்மா திரைச்சீலையை அவிழ்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எந்திரி, நிறுக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எழுந்து, "வயசுன்னு சொன்னது தப்புதாம்மா" என்றேன். கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "ஒரு பக்கம் புடி" என்றார். பிடித்தேன். பதினாறு கிலோவுக்குக் குறையாது. இவ்வளவையும் இவர் தலையில் சுமந்து மலை ஏறிவருகிறார் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் பெரியவளான பிறகு நான் அதைக் கையால் தூக்கிப்பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஒரு வான் வண்டியில் இரண்டு பேர் வந்து கருவியைத் திருத்தினார்கள். தமிழில் ஒரு தாள் அடித்து மடுவத்தில் ஒட்டினார்கள். தோட்டத்து ஆபீசில் பேசி, அந்த மாதத்து அரைப்பேர்களை முழுப்பேராக மாற்றி எழுதவைத்தார்கள். செல்லம்மா அக்கா என்னைப் பார்த்து மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார், ஆனால் முதலாளியம்மா என்று யாரும் அதன் பிறகு கூப்பிடவில்லை.

சந்தைத் தலைவர் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அம்மா பேசியதால் பங்கு விலை சரிந்துவிடும் என்று நான் ஒரு வாரம் தூங்கவில்லை. விலை அசையவே இல்லை. அந்தப் பங்கை வாங்குவதற்கும் விற்பதற்கும் நாட்டில் ஆளே இருக்கவில்லை என்பதுதான் காரணம். அடுத்த இரண்டு வருடத்தில் இன்னொரு கம்பெனி இதைவிட மலிவான தராசைக் கொண்டுவந்தது. 'விட்டுவிட்டுப் போகவே முடியாத' தோட்டங்கள் ஒரே வாரத்தில் விட்டுவிட்டுப் போயின. போட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் எடுத்தேன். நான் முப்பத்தெட்டுப் போட்டு விழுத்திய குளிர்ப்பெட்டிக் கம்பெனியின் பெயர் இன்றைக்கு நுவரெலியா வீதியில் போகும் மரக்கறி லொறிகளில் பாதியின் முதுகில் எழுதியிருக்கிறது. கொட்டகலை பஸ்ஸில் அவற்றுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் முழு வழியும் வாசித்துக்கொண்டே போகிறேன்.

கூட்டம் முடிந்து சில மாதங்களில் அதன் அறிக்கை தபாலில் வந்தது. என் கேள்வி அதில் இல்லை. 'வட்டகொடையிலிருந்து திருமதி பாக்கியம் எடை தொடர்பாக எழுப்பிய வினாவுக்குத் தலைவர் நன்றி தெரிவித்தார்' என்று மட்டும் இருந்தது. ஒரு பங்குகூட இல்லாத அம்மா பங்குதாரர் கூட்டத்தில் பேசியவராகிவிட்டார். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, அடையாள அட்டையோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறார்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க ஹட்டனிலிருந்து வந்தார்கள். பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: "பொண்ணு பங்குச் சந்தையில எல்லாம் காசு போடுமாமே?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: "அவ போடுவாங்க. நான் நிறுத்துப் பாப்பேன்."

அந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர்தான் இப்போது என் கணவர். இன்னும் நிறுத்தவில்லை. போன மாதம் நல்லதாகப் பார்த்து ஒரு சலவை மெசினைத் தெரிந்தெடுத்து, ஏன் இதுதான் சிறந்தது என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனை எடுத்தார். காசு கட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"அத்தை," என்றார், "எப்ப இங்க வருவீங்க? மஞ்சு ஒரு மெசினுக்குப் புள்ளி போட்டிருக்கா."